அலுமாரிக்குப் பின்னால் விட்ட மூச்சு

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று முன்பக்கம், வாசலுக்கு அருகில். மற்றது பின்பக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காயை நுழைக்கலாம். வெளியே வெள்ளை மூடி போட்டிருப்பதால் அணில் புகாது. ஆனால் அந்த ஓட்டைகளால் என் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. ஓட்டைகளால் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. உண்மையில் என்னால்தான்.

நான் மரக்காலையில் வேலை செய்கிறவன். மரம் அறுக்கிற மிசின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. எல்லாரும் அதை ஒரு கஷ்டமாகச் சொல்வார்கள். நான் அதற்காகவே அந்த வேலைக்குப் போனேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் பதில் சொல்லத் தேவையில்லை. இருபத்தைந்து வருசமாகச் சைகையாலேயே சம்பாதித்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் நான் எப்போதும் பந்தல் காலோடு சேர்ந்து நிற்பேன். ஒருமுறை யாரோ கை துடைத்த துவாயை என் தோளில் போட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். அதனால் மகளுக்கென்று பழைய வீட்டுக்குப் பக்கத்தில் கல்வீடு கட்டினோம். கட்டி முடிந்து குடிபோனபோதுதான் தெரிந்தது, நாங்கள் கட்டியது வீடில்லை, பாண் வேகிற போறணை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வெயில் கொங்கிறீட்டுக்குள் ஏறினால் இறங்காது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் யன்னலைத் திறந்தால் வயல்வெளிச் சூடு முழுதும் நேராக உள்ளே வந்து கதிரையில் உட்காரும்.

மனைவியின் தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். வீடுகளுக்குக் காற்றுப் பெட்டி பூட்டுவதுதான் அவனுக்கு அங்கே வேலை. போன வருசம் விடுமுறைக்கு வந்தவன் முதல் நாள் இரவு வியர்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, “மச்சான், இந்த வீட்டை நான் திருத்தித் தாறன்” என்றான். அடுத்த தடவை வரும்போது பெட்டிகளோடு வந்தான். கூரைக்கு மேல் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடித்தான். சோலர் தட்டுகள் வைத்தான். அந்த மின்சாரத்தில் ஓடுகிற சின்ன ஏசி ஒன்று பூட்டினான். பிறகு சுவரைத் துளைத்தான்.

“ஏசியைப் போட்டிட்டு வீட்டைப் பூட்டினா உள்ளுக்க இருக்கிற காத்து பழசாப் போயிரும்” என்று விளங்கப்படுத்தினான். “யன்னலைத் திறந்தா குளிர் போயிரும். அதுக்குத்தான் இது. ஒரு பெட்டி காத்தை வெளியில தள்ளும், மற்றது உள்ள இழுக்கும். ஒள்ளுப்ப நேரத்தில, ஒரு நிமிசம் போல, ரெண்டும் மாறும். உள்ளுக்க பீங்கான் கட்டி ஒண்டு இருக்கு, தேன்வதை மாதிரி. வெளிய போற காத்தின்ட குளிரை அது பிடிச்சு வைக்கும். மறுகா உள்ள வாற சூட்டுக் காத்துக்கு அதைக் குடுக்கும்.”

“ஜெர்மனியில எதுக்குக் குளிரைப் பிடிக்கிறது?” என்று மனைவி கேட்டாள்.

“அங்க சூட்டைப் பிடிக்கிறது அக்கா. இஞ்ச குளிரை. பெட்டிக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

பெட்டியோடு வந்த புத்தகத்தில் மூடியின் மேல் பனி உறைந்தால் என்ன செய்வது என்று படம் போட்டிருந்தது. அதை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கச்சான் காற்றில் அதைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

முன்னறைச் சுவரில் உள்ளங்கை அளவு பலகை ஒன்றும் வைத்தான். நாம் விடுகிற மூச்சால் காற்று எவ்வளவு பழசாகியிருக்கிறது என்று அது இலக்கத்தில் காட்டும். நல்ல காற்றென்றால் பச்சை வெளிச்சம், பழசானால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. அதற்கேற்பப் பெட்டி தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். போகும்போது ஒரேயொரு கட்டளைதான் சொன்னான். “பகலில கதவு, யன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கோணும். ரெண்டு நிமிசத்துக்கு மேல திறந்து கிடந்தா ஏசி நிண்டிரும், பலகை கீச்சுக் கீச்செண்டு கத்தும்.”

வேறு எந்த மனிதனுக்கும் இது ஒரு கட்டளை. எனக்கு வரம். எங்கள் ஊரில் பகலில் கதவு சாத்தியிருந்தால் ஒன்று ஆள் இல்லை, அல்லது கோபம். திறந்திருந்தால் யாரும் வரலாம், உட்காரலாம், ஏன் மெலிந்துபோனாய் என்று கேட்கலாம். இப்போது எனக்குக் கதவைச் சாத்துவதற்கு ஜெர்மனியில் இருந்தே காரணம் வந்துவிட்டது. லீவு நாட்களில் சாரத்தோடு, மேலே ஒன்றும் போடாமல், குளிர்ந்த முன்னறையில் கதிரையில் சாய்ந்திருப்பேன். யாராவது வேலி வாசலில், கடப்படியில் நின்று கூப்பிட்டால் மனைவி எழும்பிப் போவாள். நான் பலகையைப் பார்ப்பேன். பச்சை. நானும் காற்றும் நன்றாக இருந்தோம்.

இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். “உங்கட வீடு வங்கி மாதிரி இருக்கு கா, செருப்பைக் கழட்டிப் போட்டு லைனில நிக்கோணும் போல” என்று ஒருத்தி மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். மனைவிக்கு அது உறுத்தியது. எனக்கு உறுத்தவில்லை என்பதை அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் மகளுக்குக் குருக்கள்மடத்தில் ஒரு சம்பந்தம் சரிவந்தது. பையன் தபால் கந்தோரில் வேலை. மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். இரண்டு பேரும் இரண்டு தடவை சந்தித்துக் கதைத்திருந்தார்கள். மகள் சாதாரணமாக எதற்கும் தோளைக் குலுக்குகிறவள். அந்தப் பையனைப் பற்றிக் கேட்டபோது குலுக்கவில்லை. “நல்லம் அப்பா” என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய பேச்சு. அவர்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு நாளைக்கு வந்து வீடு பார்ப்பார்கள், அதற்குப் பிறகு நாள் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை. சொல்லாமல் வந்தால்தானே வீடு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரியும்.

அவர்கள் வந்த நாள் மரக்காலையில் மிசின் பழுது. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். மகள் பாடசாலையில். நான் மட்டும். கடப்படியில் ஓட்டோ வந்து நின்றது. நாலு பெண்கள் இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் பையனின் தாய். கையில் ஒரு பை, அதில் இருந்து வாழைப்பழச் சீப்பு வெளியே தெரிந்தது.

“வீட்டுக்காரர்” என்று கூப்பிட்டார்.

நான் எழும்பி நின்றேன். என்னுடைய சேட் வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சேட் இல்லாமல் எப்படிச் சம்பந்தி வீட்டார் முன்னால் போவது என்று நினைத்தேன். அலுமாரிக்குள் ஆறு சேட் இருந்தன. அதுவும் நினைவுக்கு வந்தது. அப்படியானால் அலுமாரியடிக்குப் போவோம் என்று போனேன். போனவன் அதைத் திறக்கவில்லை. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அந்த இடைவெளிக்குள் நுழைய முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். பிறகு முற்றத்தில் செருப்புச் சத்தம். ஒருவர் யன்னல் கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பெட்டி வெளிக்காற்றை மட்டும் கொண்டுவரவில்லை. முன்சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் கதைத்தது என் காதுக்குள்ளேயே கதைத்தது போல் இருந்தது.

“ஏசி ஓடுது. ஆள் இருக்கு கா.”

“இருந்தா வர மாட்டாங்களா?”

“இதுக்குள்ளயா எங்கட புள்ள கிடக்கப் போறான்? நாங்க வந்து பாக்கிறதெண்டாலும் கடிதம் போட்டுத்தான் வரோணும் போல.”

“அவன்தான் தபால் கந்தோராச்சே. அவனே கொண்டுவந்து குடுப்பான்.”

சிரித்தார்கள். பையனின் தாய் சிரிக்கவில்லை. “வாங்க போவம்” என்றார். வாழைப்பழச் சீப்பையும் திருப்பிக் கொண்டு போனார்கள். ஒரு வீட்டுக்கென்று கொண்டுவந்த பழத்தை அந்த வீட்டு வாசலில் இருந்து திருப்பிக் கொண்டு போவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓட்டோ போன சத்தம் அடங்கிய பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நுழைந்த மாதிரி வெளியே வர முடியவில்லை.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. அவர்கள் யோசிக்கிறார்களாம். வேறு இடமும் பார்க்கிறார்களாம். மனைவி அழவில்லை. வீட்டை ஒருதரம் கூட்டி, திரும்பவும் கூட்டினாள்.

“இஞ்சேருங்க, அண்டைக்கு நீங்க வீட்டிலதானே?”

“சந்திக் கடைக்குப் போனனான்” என்றேன்.

“எப்ப?”

“அப்பதான்.”

மகள் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தாள். அவள் தோளைக் குலுக்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குலுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் போன் எடுத்தான். மனைவி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி, “வீட்டில ஒருத்தரும் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்காங்க தம்பி, எங்கட பிள்ளையின்ட விதி” என்றாள். போன் மேசைமேல் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

“எண்டைக்கு வந்தாங்க?”

“புதன்கிழமை. ஒரு பத்தரை இருக்கும்.”

அந்தப் பலகை காட்டுகிற இலக்கமெல்லாம் ஜெர்மனியில் அவனுடைய போனுக்கும் ஏறி இறங்குகிற கோடாகப் போகும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருக்கிறான். போனில் விரல் தட்டுகிற சத்தம் வந்தது. எதையோ தேடுகிறான் என்று தெரிந்தது.

“அக்கா, புதன்கிழமை பத்தரைக்கு வீட்டில ஆள் இருந்திருக்கு.”

“ஆரு?”

“ஆரெண்டு அது சொல்லாது. மூச்சுத்தான் சொல்லும். ஆள் இல்லாட்டி கோடு கீழ இறங்கியிருக்கோணும். இறங்கேல்ல. ஒரு ஆள். பத்தரைக்குப் பிறகு அது ஏறியும் இருக்கு. அந்த ஆள் நல்லா மூச்சு வாங்கியிருக்கார்.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். அதுவும் எல்லாருக்கும் தெரிந்தது.

“அப்பா” என்றாள் மகள். “ஒளிச்சீங்களா?”

“ஓம்.”

“எங்க?”

அலுமாரியைக் காட்டினேன். மனைவி எழும்பிப் போய் அந்த இடைவெளியைப் பார்த்தாள். கையால் அளந்தாள். திரும்பி வந்து, “இதுக்குள்ள கூட்டுற தும்புத்தடியே போகாது” என்று மட்டும் சொன்னாள். ஜெர்மனியில் ஒருவன் சிரிப்பை அடக்குவது கேட்டது.

மகள் சிரிக்கவில்லை. “எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அப்பா” என்றாள். அவ்வளவு நீளமாக அவள் என்னிடம் அதைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தரம். “நீங்க போய்ச் சொல்லோணும். அம்மா இல்ல. நீங்க.”

அம்பிளாந்துறையில் இருந்து குருக்கள்மடத்துக்குப் பாதை ஓடுகிறது. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களுமாக வாவிக்கு மேலே மெதுவாக மிதந்து போகிற தட்டு அது. நான் போன அன்றைக்கு அது போதுமான அளவு மெதுவாகப் போகவில்லை. சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். நடு வாவியில் காற்று அதைப் பறித்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்றவர், “முக்கியமான கடதாசியா அண்ணன்?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஆறு சேட்டில் நல்லதைப் போட்டிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பையனின் வீடு எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது. முன்கதவால் பார்த்தால் பின்கதவும், அதற்கு அப்பால் கோழிக்கூடும் தெரிந்தன. நான் முற்றத்துக்கு வந்தபோது யாரோ ஒரு ஆண் அந்தப் பின்கதவால் விறுக்கென்று போனார். பையனின் தாய் வெளியே வந்தார். “வாங்க” என்று சொன்ன விதத்தில் வா என்பது இல்லை.

நான் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகக் காற்றுப் பெட்டியை விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. மனப்பாடமாக இருந்தது அதுதான். அவர் வைத்த இரண்டு தண்ணீர்க் கிளாசுகளை எடுத்து, இது உள்ளே, இது வெளியே என்று காட்டினேன். தேன்வதைப் பீங்கானுக்கு மேசையில் இருந்த விசுக்கோத்தை எடுத்தேன். மூச்சு, பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் சொன்னேன். ஒரு மாதத்தில் நான் பேசுகிறதை ஒரேயடியாகப் பேசிவிட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“அப்ப கதவு சாத்தினாத்தான் அந்தச் சாமான் வேலை செய்யும். அதைத்தானே சொல்லுறீங்க?”

“ஓம்.”

“சரி. அண்டைக்கு உள்ளுக்க ஆரு?”

கையில் இருந்த விசுக்கோத்து உடைந்தது.

“நான். அலுமாரிக்குப் பின்னுக்கு நிண்டனான். நீங்க கதைச்சதெல்லாம் கேட்டது. பொம்பிளைகள் நாலு பேரைக் காணவும் பயந்திட்டன். மகளுக்கும் மனிசிக்கும் ஒண்டும் தெரியாது. பிழை என்னிலதான், அவளில இல்ல.”

அவர் உடைந்த விசுக்கோத்தைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தார்.

“நான் கோவிச்சது கதவு சாத்தினதுக்கில்ல” என்றார். “பொடியனைப் பெத்தவள் நான். அவனை உங்கட வீட்டுக்குக் குடுக்கப் போறன். மறுகா நான் அவனைப் பாக்க வேணுமெண்டா உங்கட வாசலிலதான் வந்து நிக்கோணும். அந்த வாசலில முதல் நாளே கூப்பிட்டுக் கூப்பிட்டு நிண்டா எனக்கு எப்பிடி இருக்கும்?”

இப்படியான இடத்தில் பேசாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் அன்றைக்கு வாய் வந்தது. “நீங்க வாற நேரமெல்லாம் கதவு திறந்து கிடக்கும். பலகை கத்தினாக் கத்தட்டும்” என்றேன்.

அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. பின்பக்கம் திரும்பி, “இஞ்ச வாங்க, ஆளைக் கண்டா என்ன?” என்று கூப்பிட்டார். கோழிக்கூட்டுப் பக்கம் கோழிகள் மட்டும் கொக்கரித்தன.

“எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கு” என்றார் என்னிடம். “நீங்க கடப்படிக்கு வரவே எழும்பிப் போயிற்று. எங்களுக்கு அலுமாரி சுவரோட ஒட்டிக் கிடக்கு, அதால கோழிக்கூடு.”

அடுத்த கிழமை வந்தார்கள். இந்தத் தரம் ஏழு பேர், ஆறு பெண்களும் பையனின் தகப்பனும். அவர் ஓட்டோவில் இருந்து கடைசியாக இறங்கினார். மனைவி வாசலிலேயே நின்றாள். கதவு காலையில் இருந்து திறந்திருந்தது. பலகை கத்திக் களைத்துப்போயிருந்தது. வெயில் ஏறவும், வந்தவர்களுக்கு வியர்க்கிறதே என்று மகள் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டாள். முன்னறையில் அத்தனை பேரும் பேசியதில் பலகை மஞ்சளாகி, பிறகு சிவந்தது. பெட்டி முழு வேகத்தில் இரைந்தது.

“இது என்ன, எங்களைப் போகச் சொல்லுதா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“வந்தவங்களை எண்ணுது” என்றார் பையனின் தாய். “வாங்க கா, வேப்பமரத்தடியில இருந்து கதைப்பம். இது பாவம்.”

பெண்கள் எழும்பி முற்றத்துக்குப் போனார்கள். வாழைப்பழம் மேசையில் இருந்தது. முன்னறையில் நானும் பையனின் தகப்பனும் மிஞ்சினோம். அவர் கொஞ்ச நேரம் தன் கால்விரல்களைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய், அவர்கள் திறந்துவிட்டுப் போன கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பலகை மெல்ல மெல்ல மஞ்சளுக்கும், பிறகு பச்சைக்கும் வந்தது.

“இப்ப என்ன சொல்லுது?” என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“கன பேர் இல்ல எண்டு சொல்லுது.”

“கதைக்காட்டியும் தெரியுமா?”

“மூச்சு விட்டாலே காணும்.”

அவர் தலையை ஆட்டினார். நல்ல சாமான் என்பது போல் பெட்டியைப் பார்த்தார். சுவர் ஓட்டையால் முற்றத்துப் பேச்சு வந்தது. மனைவியின் குரல் ஏதோ மாதத்தைச் சொன்னது. யாரோ வெள்ளம் வரும் என்றார்கள். “அப்ப தையில வைப்பம்” என்றது பையனின் தாயின் குரல். ஒருவரும் மறுக்கவில்லை. மகள் சிரித்தது கேட்டது. நாங்கள் இரண்டு தகப்பன்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, உடனே வேறு பக்கம் பார்த்தோம்.

கதவு படாரென்று திறந்தது. “ரெண்டு பேரும் ஒளிச்சிட்டீங்களா?” என்றார் பையனின் தாய். “வாங்க வெளியில. நாள் வைச்சாச்சு.” கதவை அகலத் தள்ளி, அது மூடாதபடி முட்டாக ஒரு கதிரையை இழுத்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு நிமிசத்தில் பலகை கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. நான் அதை நிறுத்தப் போகவில்லை. கொடியில் இருந்த சேட்டை எடுத்து, ஏற்கனவே ஒரு சேட் போட்டிருக்கிறேன் என்பது தெரிந்ததும் திரும்பவும் அங்கேயே போட்டுவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போனேன்.